உறைந்த கஞ்சி கற்றுக்கொடுத்தது

சோள மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி, தட்டில் ஊற்றி ஆறவிட்டு, உறைந்த பரப்பின்மேல் நிறத் துளிகளை விட்டு அவை எப்படிப் பரவுகின்றன என்று பார்ப்பது இன்று பல வீடுகளில் பிள்ளைகளின் விடுமுறை வேலை. ஜவ்வரிசி, மரவள்ளி மாவு, உருளைக்கிழங்கு என்று கையில் கிடைத்த எதைக் கொண்டும் இதைச் செய்யலாம். பெரியவர்கள் இதை ஆய்வகத்தின் ஏழைப் பதிப்பாகவே எண்ணுகிறார்கள். அங்கே அகரோஸ், பாலிஅக்ரிலமைடு என்று உயர்ந்த ஜெல்கள் இருக்கின்றன, அவற்றை வாங்க வழியில்லாததால் இங்கே மாவைக் கொண்டு ஒப்பேற்றுகிறோம் என்பது அவர்கள் கணக்கு. வரலாற்றைப் புரட்டினால் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. உறைந்த கூழை ஓர் ஆய்வுக் கருவியாகப் பயன்படுத்தலாம் என்ற எண்ணமே சமையலறை மாவிலிருந்துதான் ஆய்வகத்துக்குப் போனது. நுண்ணுயிரியலுக்கு ஒருமுறை, புரத ஆய்வுக்கு ஒருமுறை என இரண்டு தடவை அப்படி நடந்தது. இரண்டு தடவையும் வழிகாட்டியது, வெந்த மாவு எப்படிக் கெட்டியாகும், ஆறினால் என்னவாகும் என்று வீடுகளில் பழகித் தெரிந்துவைத்திருந்த அறிவு. அந்த அறிவு அறிவியல் வரலாற்றின் ஓரத்தில் சுவையான துணுக்காக நின்றுவிட்டது. அதற்குரிய இடம் வரலாற்றின் மையத்தில் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் பொருளின் குணம். மாவுச்சத்து செடிக்குள் கண்ணுக்குத் தெரியாத சிறு மணிகளாகச் சேமிக்கப்படுகிறது. ஒவ்வொரு மணிக்குள்ளும் குளுக்கோஸ் சங்கிலிகள் இரண்டு வகையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. பெரும்பாலும் கிளையில்லாமல் நீளும் அமைலோஸ் ஒன்று, கிளைவிட்டுப் பரவும் அமைலோபெக்டின் மற்றொன்று. குளிர்ந்த தண்ணீரில் இந்த மணிகள் கரைவதில்லை, அடியில் படியும். ஏறத்தாழ 60 முதல் 70 டிகிரி வெப்பத்தில் அவை தண்ணீரை உறிஞ்சி உப்பத் தொடங்குகின்றன. அமைலோஸ் வெளியே கசிகிறது, கரைசல் திடீரென்று கனக்கிறது. ஆறும்போது வெளிவந்த சங்கிலிகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு வலைப்பின்னலாகின்றன. அந்த வலைக்குள் தண்ணீர் சிறைப்படுகிறது. கஞ்சி ஆறினால் ஏடு கட்டுவதும், களி ஆறினால் கத்தியால் வெட்டும் பதத்துக்கு வருவதும் இதனால்தான். எடையில் பெரும்பங்கு தண்ணீராகவே இருக்கும் ஒரு பொருள், திடப்பொருளைப் போல வடிவம் காக்கிறது. அதனுள் கலக்கல் இல்லை, ஓட்டம் இல்லை. ஆனால் சிறு மூலக்கூறுகள் ஊடுருவிச் செல்ல வழி இருக்கிறது. அசையாமல் பிடித்து வைப்பது, துளைகளின் வழியே சலித்து அனுப்புவது ஆகிய இந்த இரண்டு குணங்களே பிற்பாடு இரண்டு அறிவியல் துறைகளுக்கு அடித்தளமாயின.

அசையாமல் பிடித்து வைக்கும் குணம் முதலில் கவனத்துக்கு வந்தது இத்தாலியில். 1819-ஆம் ஆண்டுக் கோடையில் படுவா நகருக்கு அருகிலுள்ள லெக்னாரோ என்ற ஊரில், உழவர் வீடுகளில் அன்றாட உணவான போலெந்தாவில் இரத்தத் துளிகளைப் போலச் சிவப்புப் புள்ளிகள் தோன்றின. போலெந்தா என்பது மக்காச்சோள மாவைக் கிண்டி ஆறவைத்த களி. ஊரார் அதைத் தெய்வக் குற்றம் என்றும் பேயின் வேலை என்றும் அஞ்சினார்கள். பர்தொலோமியோ பிசியோ என்ற இளம் மருந்தியலாளர் அந்தக் களியை எடுத்துச் சோதித்தார். புதிய களியை ஈரமான, வெதுவெதுப்பான சூழலில் வைத்தால் அதே சிவப்பு மீண்டும் வருவதையும், ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அது தொற்றுவதையும் காட்டினார். அது ஓர் உயிர் என்ற முடிவுக்கு வந்தார். பூஞ்சை வகை என்று அவர் நினைத்தது பிழைதான், ஆனால் 1823-இல் அவர் இட்ட செரேஷியா மார்செசென்ஸ் என்ற பெயர் அந்த பாக்டீரியத்துக்கு இன்றும் நிலைத்திருக்கிறது. இங்கே கவனிக்க வேண்டியது களி செய்த உதவி. பாலிலோ தண்ணீரிலோ இந்த உயிர் வளர்ந்திருந்தால் பாத்திரம் முழுக்கக் கலங்கிச் சிவந்திருக்கும். எங்கே தொடங்கியது, எத்தனை இடத்தில் தொடங்கியது என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. களி உறைந்திருந்ததால் விழுந்த இடத்திலேயே அது தங்கிப் புள்ளியாக வளர்ந்தது. புள்ளியாக இருந்ததாலேயே எடுத்து வேறொரு களியில் இட முடிந்தது.

இந்த வழி ஜெர்மானிய ஆய்வகங்களில் தொடர்ந்தது. 1848-இல் பெர்லினில் எரன்பெர்க் அதே சிவப்பை வெந்த உருளைக்கிழங்கில் கண்டு, கிழங்கிலும் ரொட்டியிலும் வளர்த்தார். 1870-களின் தொடக்கத்தில் பிரெஸ்லாவில் ஃபெர்டினாண்ட் கோனின் நிறுவனத்தில் யோசப் ஷ்ரோட்டர், உருளைக்கிழங்குத் துண்டு, ஸ்டார்ச் பசை, ரொட்டி, வெந்த முட்டையின் வெள்ளை ஆகியவற்றைத் திறந்து வைத்து, அவற்றின்மேல் வெவ்வேறு நிறத்தில் தனித்தனித் திட்டுகள் வளர்வதைப் பதிவு செய்தார். ஒரு திட்டிலிருந்து எடுத்து வேறொரு துண்டில் இட்டால் அதே நிறமே வளர்ந்தது. இதன் முழுப் பொருளையும் உணர்ந்தவர் ராபர்ட் கோக். அன்றைய நுண்ணுயிரியலின் பெரிய தலைவலி, ஒரே வகை உயிரைத் தனியே பிரித்தெடுப்பது. சாற்றில் வளர்த்தவர்கள் மீண்டும் மீண்டும் நீர்த்து, ஒரே ஒரு செல் மிஞ்சியிருக்கும் என்ற நம்பிக்கையில் வேலை செய்தார்கள். கோக், வேகவைத்த உருளைக்கிழங்கைச் சூடாக்கிய கத்தியால் இரண்டாக வெட்டிக் காற்றில் வைத்தபோது, ஒவ்வொரு திட்டும் ஒரே வகை உயிரின் குடும்பமாக இருப்பதைக் கண்டார். 1881-இல் வெளியிட்ட கட்டுரையில் இந்த முறையை விளக்கினார். அதே ஆண்டு ஆகஸ்டில் லண்டனில் கூடிய மருத்துவ மாநாட்டின்போது, பாஸ்டரும் லிஸ்டரும் இருந்த கூட்டத்துக்கு முன் திடப் பரப்பில் தூய வளர்ப்பை நிகழ்த்திக் காட்டினார்.

உருளைக்கிழங்குக்குக் குறைகள் இருந்தன. அது ஒளி புகாதது. மனிதருக்கு நோய் தரும் பல கிருமிகள் அதில் வளர மறுத்தன. ஆகவே கோக் இறைச்சிச் சாற்றில் ஜெலட்டினைக் கலந்து கண்ணாடித் தகட்டில் ஊற்றினார். தெளிவு கிடைத்தது, ஆனால் மனித உடலின் 37 டிகிரிக்கு முன்பே ஜெலட்டின் உருகிவிட்டது. சில பாக்டீரியங்கள் அதைத் தின்று நீராக்கின. விடை வந்தது மறுபடியும் சமையலறையிலிருந்து. கோக்கின் ஆய்வகத்தில் பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸ என்ற மருத்துவரின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸ, நியூயார்க்கில் பிறந்தவர். கணவரின் ஆய்வுகளுக்கு உதவியதோடு படங்களும் வரைந்து கொடுத்தார். கோடையில் ஏன் உங்கள் இனிப்பு ஜெல்லி மட்டும் உருகுவதில்லை என்று கணவர் கேட்டபோது, அகர்-அகர் என்ற கடற்பாசிப் பொருளைச் சொன்னார். சாவாவில் வாழ்ந்து அமெரிக்கா வந்த அண்டை வீட்டாரிடம் அவர் கற்ற பழக்கம் அது. தமிழ் முஸ்லிம் வீடுகளில் நோன்புக் காலத்தில் கடற்பாசி என்று காய்ச்சும் இனிப்பும் இதே பொருளில் ஆவதுதான். அகர் உருக 85 டிகிரி வேண்டும், உறைய 40-க்குக் கீழே இறங்க வேண்டும். பெரும்பாலான கிருமிகள் அதைத் தின்பதும் இல்லை. 1882-இல் காசநோய்க் கிருமியைப் பற்றிய தன் கட்டுரையில் கோக் அகரைக் குறிப்பிட்டார். அது யாரிடமிருந்து வந்தது என்று குறிப்பிடவில்லை.

இங்கே ஒருவர் நியாயமாகவே மறுப்புச் சொல்லலாம். உருளைக்கிழங்கு சில காலமே பயன்பட்டது, அதை ஜெலட்டின் வென்றது, ஜெலட்டினை அகர் வென்றது, அகர் ஸ்டார்ச்சே அல்ல, பிறகு மாவுச்சத்துக்கு என்ன பெருமை? ஆனால் எது கண்டுபிடிப்பு, எது மேம்பாடு என்று பிரித்துப் பார்த்தால் விடை தெளிவாகும். கலங்கும் சாறு எங்கே, விழுந்த இடத்தில் நிற்கும் பரப்பு எங்கே! இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தாண்டல்தான் கண்டுபிடிப்பு. அந்தத் தாண்டல் களியிலும் கிழங்கிலும் நிகழ்ந்தது. ஜெலட்டினும் அகரும், கிழங்கு ஏற்கெனவே செய்துகாட்டிய வேலையைத் தெளிவாகவும் சூடு தாங்கியும் செய்தன. ஒரு நல்ல வளர்ப்புப் பரப்பு எப்படி இருக்க வேண்டும் என்ற பட்டியலே கிழங்கின் குறைகளைப் பார்த்துப் பார்த்து எழுதப்பட்டது. ஒளி புக வேண்டும், சத்தை நாம் விரும்பியபடி சேர்க்க முடிய வேண்டும், வளரும் உயிர் அதைத் தின்றுவிடக் கூடாது. கிழங்கு இல்லாமல் அந்தப் பட்டியல் இல்லை. அகரின் வருகையும் இந்த வாதத்துக்கு எதிரானதன்று. எது எந்தச் சூட்டில் உறையும், எது கோடை தாங்கும் என்று ஆய்வகத்துக்குச் சொன்னது ஒரு குடும்பத் தலைவியின் அடுப்படி அறிவு.

சலிக்கும் குணத்தைக் கண்டடைய இன்னும் 70 ஆண்டுகள் ஆயின. அந்தக் கதை கனடாவின் டொரன்டோ நகரில் நடக்கிறது. இன்சுலின் கண்டறியப்பட்ட ஊர் அது. இன்சுலின் உற்பத்தியில் பெயர்பெற்ற கொனாட் ஆய்வகத்துக்கு 1953-இல் ஆலிவர் ஸ்மிதீஸ் என்ற இளம் ஆங்கிலேயர் வந்து சேர்ந்தார். இன்சுலின் தொடர்பாக எதை வேண்டுமானாலும் ஆராயலாம் என்ற சுதந்திரம் அவருக்கு இருந்தது. இன்சுலினுக்கு முன்வடிவம் ஒன்று உண்டா என்று தேட அவர் முடிவு செய்தார். புரதங்களைப் பிரிக்க அன்று இருந்த எளிய வழி, ஈரமாக்கிய வடிதாளில் துளியை இட்டு இரு முனைகளிலும் மின்னழுத்தம் கொடுப்பது. மின்னூட்டத்துக்கு ஏற்ப ஒவ்வொரு புரதமும் ஒவ்வொரு வேகத்தில் நகரும். எலக்ட்ரோபோரசிஸ் என்று இதற்குப் பெயர். ஆனால் இன்சுலின் தாளில் ஒட்டிக்கொண்டு நீளமாக இழுவிப் பரவியது. அப்போது நியூயார்க்கில் ஹென்றி குங்கலும் ராபர்ட் ஸ்லேட்டரும் தாளுக்குப் பதிலாக ஈரமான ஸ்டார்ச் மணிகளைப் பெட்டியில் அடைத்துப் பயன்படுத்தியிருந்தார்கள். டொரன்டோவின் குழந்தைகள் மருத்துவமனையில் அதை ஸ்மிதீஸ் நேரில் பார்த்தார். புரதம் ஒட்டவில்லை. ஆனால் ஓட்டம் முடிந்ததும் ஸ்டார்ச்சை ஏறத்தாழ 40 துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று தனித்தனியே அளக்க வேண்டும். உதவியாளர் இல்லாத ஒருவரால் ஆகிற வேலையாக அது இல்லை.

அந்த இடத்தில்தான் சிறுவயதில் இங்கிலாந்தில் தாயோடு செய்த துணி வேலை அவர் நினைவுக்கு வந்தது. தந்தையின் சட்டைகளுக்குப் போடக் கஞ்சி காய்ச்சுவார்கள். வேலை முடிந்து பாத்திரத்தைக் கழுவும்போது மிச்சக் கஞ்சி ஜெல்லியாக உறைந்து கிடக்கும். மணிகளாக இருக்கும் ஸ்டார்ச்சைக் காய்ச்சி உறையவைத்தால், 40 துண்டுகளை அளக்கத் தேவையில்லை. புரதங்கள் ஓடி முடிந்ததும் மொத்த ஜெல்லையும் சாயத்தில் முக்கினால் போதும், பட்டைகள் தாமாகவே தெரியும். 1954 ஜனவரி 23, சனிக்கிழமை, அவர் அதைச் செய்து பார்த்தார். அன்றைய குறிப்பேட்டுப் பக்கம் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. ஆய்வகத்தில் இருந்த உருளைக்கிழங்கு ஸ்டார்ச்சைக் காய்ச்சி, உறைந்த ஜெல்லில் இன்சுலினை ஓடவிட்டார். தாளில் இழுவிய புரதம் இங்கே ஒழுங்கான பட்டையாக நின்றது.

இந்த ஜெல் தயாராகும் முறையை அருகில் நின்று பார்த்தால் அதன் வேர் எங்கே என்பது விளங்கும். குடுவையில் ஸ்டார்ச் பொடியும் உப்புக் கரைசலும் சேர்த்து நெருப்பின்மேல் பிடித்து விடாமல் சுழற்ற வேண்டும். கை நின்றால் அடியில் கட்டிதட்டும். முதலில் பால்போல வெளுத்திருக்கும் கரைசல், குறிப்பிட்ட சூட்டில் ஒரேயடியாக இறுகிச் சுழல மறுக்கும். அங்கே நிறுத்திவிட்டால் ஜெல் கெட்டது. இன்னும் சூடேற்றினால் அது தளர்ந்து, வெண்மை குறைந்து, கண்ணாடிச் சாயலோடு ஓடும் பதத்துக்கு வரும். உடனே குடுவைக்குள் வெற்றிடம் உண்டாக்கிக் காற்றுக் குமிழிகளை எடுத்துவிட்டுத் தட்டில் ஊற்றி மூடி ஆறவைக்க வேண்டும். பிறகு ஜெல்லில் சிறு கீறல் போட்டு, சீரத்தில் நனைத்த வடிதாள் துணுக்கைச் செருகி மின்சாரம் கொடுப்பார்கள். ஓட்டம் முடிந்ததும் ஜெல்லைக் கிடைவாட்டில் மெல்லிய ஏடுகளாக அரிந்து, வெட்டிய முகத்தைச் சாயத்தில் ஊறவைத்து, மிகுந்த சாயத்தைக் கழுவி எடுப்பார்கள். இந்தப் பதத்தை எந்தக் கருவியும் அளந்து சொல்லவில்லை. கண்ணும் மணிக்கட்டும்தான் சொல்லின. கஞ்சி காய்ச்சத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

மனித இரத்தச் சீரத்தை இந்த ஜெல்லில் ஓடவிட்டபோது எதிர்பாராதது நடந்தது. தாள் ஐந்து பட்டைகளைக் காட்டிய இடத்தில் ஸ்டார்ச் ஜெல் அதைப்போல இரு மடங்குக்கும் மேல் காட்டியது. காரணம் துளைகளின் அளவு. தாளில் புரதங்கள் மின்னூட்டத்தால் மட்டுமே பிரிந்தன. ஸ்டார்ச் வலையின் கண்களோ புரத மூலக்கூறுகளின் பருமனை நெருங்கியவை. ஆகவே பெரியவை தடுக்கிப் பின்தங்கின, சிறியவை முந்தின. மின்னூட்டத்தோடு உருவளவும் கணக்கில் வந்தது. இதைவிட வியப்பு, ஆளுக்கு ஆள் பட்டைகள் மாறுபட்டது. ஆண் பெண் வேறுபாடு என்று ஸ்மிதீஸ் முதலில் எண்ணினார். கூடுதல் மாதிரிகள் அந்த எண்ணத்தைக் கலைத்தன. ஹாப்டோகுளோபின் என்ற புரதம் மனிதரில் மூன்று வகை அமைப்புகளில் இருக்கிறது என்பது தெரிந்தது. மரபியலாளர் நார்மா ஃபோர்டு வாக்கரோடு சேர்ந்து குடும்பங்களை ஆராய்ந்து, அது பரம்பரையாக வருவது என்று 1955-இல் நிறுவினார். ஒரு மரபணுவின் பகுதி இரட்டித்ததால் உண்டான வடிவம் அவற்றுள் ஒன்று என்பதை 1962-இல் கானல், டிக்சன் ஆகியோரோடு எழுதினார். ஒத்த மரபணுக்கள் ஒன்றோடொன்று பரிமாறிக்கொள்வதைப் பற்றிய அந்தச் சிந்தனையே பிற்பாடு, செல்லுக்குள் குறிப்பிட்ட ஒரு மரபணுவைத் தேர்ந்து மாற்றும் முறைக்கு அவரைக் கொண்டுசென்றது. 2007-இல் மரியோ கபெச்சி, மார்ட்டின் எவன்ஸ் ஆகியோரோடு அவர் பெற்ற நோபல் பரிசு அந்தப் பணிக்காக.

இதெல்லாம் ஒரு மனிதரின் பிற்கால நினைவு, தாயின் சலவைக் கஞ்சியைப் பிறகு யோசித்துச் சேர்த்திருக்கலாம், அறிவியலை முன்னெடுத்தது அவருடைய பயிற்சிதான் என்று ஒருவர் சொல்லக்கூடும். பயிற்சியின் பங்கை மறுக்க முடியாது. தாளில் இன்சுலின் ஏன் இழுவுகிறது, மணிகள் ஏன் உதவுகின்றன, எந்தச் சாயம் புரதத்தைப் பிடிக்கும் என்பவை தெரியாதவருக்கு உறைந்த கஞ்சி வெறும் கஞ்சிதான். ஆனால் அந்தப் பயிற்சி பலரிடம் இருந்தது. ஸ்டார்ச் மணிகளைக் கையாண்ட ஆய்வகங்களில் இருந்தவர்களுக்கும் புரத வேதியியல் நன்றாகவே தெரியும். அவர்கள் கையில் ஸ்டார்ச் இருந்தது, அடுப்பும் இருந்தது. இரண்டையும் சேர்க்க வேண்டும் என்று தோன்றுவதற்கு, காய்ச்சி ஆறவைத்த ஸ்டார்ச் எப்படி ஆகும் என்று உடலளவில் அறிந்திருக்க வேண்டியிருந்தது. எந்த வேதியியல் வகுப்பும் அந்த அறிவைப் பாடமாக வைத்திருக்கவில்லை. வீடு வைத்திருந்தது. தற்செயல் என்று இதைச் சொல்லிவிட்டால், ஃபேனி ஹெஸ்ஸவுக்கும் ஸ்மிதீஸுக்கும் பொதுவாக இருந்ததை நாம் பார்க்கத் தவறுகிறோம். இருவருமே அடுப்படியில் பொருள்களின் நடத்தையைக் கவனித்துப் பழகியவர்கள். அந்தக் கவனிப்பு முறையான அறிவாக மதிக்கப்படாததாலேயே அதன் விளைவு தற்செயலாகத் தோன்றுகிறது.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. ஸ்மிதீஸ் இறுதியில் பயன்படுத்தியது கடை ஸ்டார்ச் அல்ல. சாதாரண உருளைக்கிழங்கு ஸ்டார்ச்சை வேண்டிய அளவுக்குச் சேர்த்தால் ஊற்ற முடியாதபடி கெட்டியாகிவிடும். ஆகவே அசிட்டோனில் சிறிது ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்து, அதில் ஸ்டார்ச்சை இளஞ்சூட்டில் ஊறவைத்துச் சங்கிலிகளைச் சற்றே குறுக்கினார். இப்படிப் பதப்படுத்திய ஸ்டார்ச்சைக் கொனாட் ஆய்வகமே தயாரித்து உலகெங்கும் விற்றது. ஒவ்வொரு தொகுப்பின் குணமும் மாறுவதால், எத்தனை கிராம் சேர்க்க வேண்டும் என்று தொகுப்புக்குத் தொகுப்பு வேறுபடும் அளவைக் கொடுத்தது. அப்படியானால் சமையலறை போதாது என்பதுதானே இதன் பொருள்? ஆம், போதாதுதான். சமையலறை எல்லாவற்றையும் முடித்துத் தந்தது என்று இந்த வாதம் சொல்லவில்லை. வழியைத் திறந்துவிட்டது சமையலறை, வழியைச் செப்பனிட்டது ஆய்வகம். தொகுப்புக்குத் தொகுப்பு ஸ்டார்ச் மாறும் என்பதும்கூட அடுப்படி எப்போதும் அறிந்ததே. புது அரிசிக்கும் பழைய அரிசிக்கும் ஒரே அளவு தண்ணீர் வைக்க எந்தச் சமையல்காரரும் துணியமாட்டார். ஆய்வகம் அந்த மாறுதலை எண்ணாக மாற்றிப் பொட்டலத்தின்மேல் அச்சிட்டது. அது பெரிய பங்களிப்பு. ஆனால் மாறுதல் உண்டு என்று உணர்ந்தது அதற்கு முந்திய அறிவு.

மூன்றாவதாக, ஸ்டார்ச் ஜெல் காலாவதியானது என்பார்கள். 1959-இல் ரேமண்டும் வைன்ட்ராபும் அக்ரிலமைடு ஜெல்லை அறிமுகம் செய்தார்கள். துளை அளவை விரும்பியபடி அமைக்கலாம், கண்ணாடிபோலத் தெளிவு. டி.என்.ஏ.வுக்கு அகரோஸ் வந்தது. புரத ஆய்வகங்களின் பொதுவேலை அவற்றுக்குப் போனது உண்மைதான். ஆனாலும் ஸ்டார்ச் ஒரு களத்தை நெடுங்காலம் விடவில்லை. 1957-இல் ஹன்டரும் மார்க்கர்ட்டும் ஸ்டார்ச் ஜெல்லில் நொதிகளை ஓடவிட்டு, அந்தந்த நொதியின் வேலையாலேயே அந்தந்த இடத்தில் நிறம் தோன்றச் செய்தார்கள். ஒரே வேலையைச் செய்யும் நொதி பல வடிவங்களில் இருப்பது கண்முன் தெரிந்தது. தடித்த ஸ்டார்ச் ஜெல்லைப் பல ஏடுகளாக அரிந்து, ஒவ்வோர் ஏட்டையும் ஒவ்வொரு நொதிக்குச் சாயமிடலாம். மெல்லிய அக்ரிலமைடு தகட்டில் இது எளிதல்ல. நூற்றுக்கணக்கான மீன்களையோ கொசுக்களையோ பயிர் இரகங்களையோ ஒப்பிட வேண்டியவர்களுக்கு இந்தச் சிக்கனம் பெரிய வரம். 1966-இல் லண்டனில் ஹாரி ஹாரிஸ் மனிதரின் பத்து நொதிகளைச் சோதித்து, அவற்றில் மூன்று ஆளுக்கு ஆள் பரம்பரையாக வேறுபடுவதைக் காட்டினார். அதே ஆண்டு சிகாகோவில் லெவன்டினும் ஹப்பியும் பழ ஈக்களில் அக்ரிலமைடு கொண்டு இதே முடிவை எட்டினார்கள். ஓர் இனத்துக்குள் இத்தனை வேறுபாடு ஒளிந்திருக்கும் என்று அதுவரை பெரும்பாலோர் எண்ணவில்லை. அந்தக் கதவைத் திறந்த கருவிகளில் ஒன்று ஸ்டார்ச்.

மாவுச்சத்து ஆய்வகத்துக்குத் திரும்பி வந்த கதையும் உண்டு, அதில் நம் பக்கத்துப் பொருளுக்கு இடம் இருக்கிறது. செடிகளைத் திசு வளர்ப்பில் பெருக்கும் கூடங்களில் ஊடகத்தின் செலவில் அகர் பெரும்பங்கை விழுங்குகிறது. வளரும் நாடுகளில் இந்தச் செலவைக் குறைப்பது எப்படி என்று 2004-இல் பன்னாட்டு அணுசக்தி முகமை வெளியிட்ட தொகுப்பு, ஸ்டார்ச் வகைகளை மாற்றாகப் பரிசீலித்தது. அதற்கு முன்பே, 2001-இல், இந்திய உருளைக்கிழங்கு ஆய்வாளர்கள் நாயக்கும் சர்க்காரும் அகருக்கு மாற்றாக ஜவ்வரிசியைக் கொண்டு உருளைக்கிழங்கு நாற்றுகளை வளர்த்துக் காட்டினார்கள். தமிழ்நாட்டில் ஜவ்வரிசி என்றால் சேலம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் அங்கே வேர்விட்டது. 1981-இல் சேகோசர்வ் என்ற கூட்டுறவு அமைப்பு தொடங்கியது. கிழங்கை அரைத்து, பாலெடுத்து, தெளியவைத்து, மாவை உருட்டி வறுக்கும் அந்தத் தொழில், ஸ்டார்ச்சின் குணத்தை அறிந்தவர்களை ஒரு வட்டாரம் முழுக்க உருவாக்கியிருக்கிறது. பாயசத்தில் ஜவ்வரிசி மணி ஏன் கண்ணாடியாகிறது என்பதற்கும் டொரன்டோவின் குடுவையில் கரைசல் ஏன் வெண்மை இழந்தது என்பதற்கும் காரணம் ஒன்றே.

ஆகவே வீட்டில் பிள்ளைகள் மாவு ஜெல்லோடு செய்யும் சோதனைகளை வரலாற்றின் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சோள மாவு ஜெல்லில் இரண்டு சிறு குழிகள் செய்து ஒன்றில் உணவு நிறமும் மற்றொன்றில் அயோடின் கரைசலும் விட்டால், நிறம் வட்டமாகப் பரவிக்கொண்டே போகும், அயோடினோ கருநீலமாகித் தயங்கித் தயங்கி நகரும். ஏனெனில் ஸ்டார்ச் சங்கிலி அதைப் பிடித்துக்கொள்கிறது. வலைக்குள் பரவுவதும் வலையில் ஒட்டுவதும் வேறு வேறு என்பதை இதைவிட எளிதாகக் காட்ட முடியாது. தாளில் இன்சுலின் ஏன் இழுவியது என்பதற்கும் இதுவே பாடம். உறைந்த ஜெல்லின்மேல் ஒரு சொட்டு எச்சிலை வைத்துச் சிறிது நேரம் கழித்து அயோடினை ஊற்றினால், எச்சில் பட்ட இடம் மட்டும் நீலமாகாமல் நிற்கும். எச்சிலிலுள்ள அமைலேஸ் நொதி அங்கே ஸ்டார்ச்சைத் தின்றுவிட்டது. உயிர்கள் தின்றுவிடும் என்பது வளர்ப்புப் பரப்பாக ஸ்டார்ச்சுக்குக் குறையாகலாம், இங்கே அதே குணம் அளவுகோலாகிறது. நுண்ணுயிரியல் ஆய்வகங்கள் அமைலேஸ் சுரக்கும் பாக்டீரியங்களைத் தேட இன்றும் ஸ்டார்ச் கலந்த தட்டைத்தான் அயோடினால் நனைக்கின்றன. வீட்டுக்கு எல்லைகளும் உண்டு. வீட்டு மின்இணைப்பை ஜெல்லில் கொடுக்கக் கூடாது, உயிருக்கே ஆபத்து. உடலிலிருந்தோ கழிவிலிருந்தோ எடுத்த கிருமிகளை வளர்த்துத் திறந்து பார்க்கவும் கூடாது. துல்லியமான அளவீட்டை இந்த ஜெல்லிடம் எதிர்பார்க்கவும் முடியாது. ஆனால் உறைவது, பரவுவது, பிடிப்பது, செரிப்பது ஆகியவற்றைக் கண்ணால் கண்டு கேள்வி கேட்க அது போதும்.

இந்த வரலாற்றை ஏற்றுக்கொண்டால் இரண்டு இடங்களில் நம் வழக்கத்தை மாற்ற வேண்டும். அறிவியல் வரலாற்றை எழுதும்போது, கோக்குக்கும் ஸ்மிதீஸுக்கும் பக்கத்தில் அடுப்படி அறிவை ஒரு காரணமாகவே எழுத வேண்டும், கதைக்குச் சுவையூட்டும் துணுக்காக அல்ல. அப்படி எழுதியிருந்தால் ஃபேனி ஹெஸ்ஸவின் பெயரைப் பாடநூல்களில் தேட வேண்டிய நிலை வந்திருக்காது. பள்ளியில் கற்பிக்கும்போதோ, வாங்க வசதியில்லாத உபகரணங்களுக்காகக் காத்திருப்பதை விட்டு, மாவையும் கிழங்கையும் ஜவ்வரிசியையும் முதல் கருவிகளாக எடுக்க வேண்டும். களி உறைந்த பதம், கஞ்சி கெட்டியாகும் சூடு, கிழங்கு வேகும் நேரம் ஆகியவை மாணவர் ஒவ்வொருவரும் வீட்டிலிருந்தே கொண்டுவரும் அளவீடுகள். ஆசிரியர் அவற்றை அறியாமை என்று ஒதுக்காமல், எண்ணாகவும் வாதமாகவும் மாற்றக் கற்றுத்தர வேண்டும். நுண்ணுயிரியலும் புரத ஆய்வும் அப்படித்தான் தொடங்கின. நம் வகுப்பறைகளும் அங்கேயே தொடங்கலாம்.